பழைய கணினிக்கு இலேசான டாரண்ட் மென்பொருள் எது?

வாசகர் கேள்வி: எங்கள் ஊரில் ஒரு சிறிய படிப்பகம் நடத்துகிறோம். காப்புரிமைக் காலம் முடிந்த பழைய தமிழ் நூல்களை இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திலிருந்தும், மாணவர்களுக்கான லினக்ஸ் நிறுவல் கோப்புகளை அவற்றுக்குரிய தளங்களிலிருந்தும் டாரண்ட் (ஒரே கோப்பைப் பல கணினிகளிலிருந்து துண்டு துண்டாகப் பெறும் முறை) வழியாக இறக்கி வைக்கிறோம். இறக்கியவை பிறருக்கும் கிடைக்கட்டும் என்று மென்பொருளை நாள் முழுவதும் ஓடவிடுகிறோம். கணினியில் பென்டியம் ஜி2030 ப்ராசசர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 உள்ளன. டாரண்ட் ஓடும்போதெல்லாம் டாஸ்க் மேனேஜரில் ப்ராசசர் பயன்பாடு 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது, விசிறி இரைகிறது. அதே கணினியில் தட்டச்சு செய்பவருக்கு எழுத்து திரையில் தோன்றவே சில நொடிகள் ஆகின்றன. இப்போதுள்ள மென்பொருள் விளம்பரங்களுடன் வரும் இலவச மென்பொருள். பட்டியலில் சுமார் 60 டாரண்ட்டுகள் உள்ளன. ப்ராசசருக்குச் சுமை தராத மென்பொருள் எது? யூடாரண்ட்டின் பழைய 2.2.1 பதிப்பே போதும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அதைப் போடலாமா?

— படிப்பகப் பொறுப்பாளர் ஒருவர், சிவகங்கை மாவட்டம்

மதிப்பிற்குரிய ஐயா,

கேள்விக்கு நேரான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். விண்டோஸிலேயே தொடர்வதானால் கியூபிட்டாரண்ட்டை நிறுவிக்கொள்ளுங்கள். கணினியை லினக்ஸுக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் டிரான்ஸ்மிஷன் போதும். யூடாரண்ட் 2.2.1 வேண்டாம். ஆனால் இவ்வளவோடு நிறுத்திக்கொள்வது தங்களுக்குப் பயன் தராது. தாங்கள் குறிப்பிடும் 90 விழுக்காடு, கோப்புப் பகிர்வு என்ற வேலைக்கு உண்மையில் தேவைப்படுவதைப் போல் பல மடங்கு. மென்பொருளை மட்டும் மாற்றினால் அதில் ஒரு பகுதி குறையும், மீதி அப்படியே நிற்கக்கூடும். அந்த மீதி யாருடையது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

டாரண்ட் மென்பொருள் ப்ராசசரிடம் கேட்கும் வேலைகளில் பெரியது சரிபார்ப்பு. கோப்பு பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, முன்பின் தெரியாத பல கணினிகளிலிருந்து வந்து சேர்கிறது. ஒவ்வொரு துண்டும் பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று அறிய, எஸ்எச்ஏ-1 என்ற முறையில் ஒரு கணக்கைப் போட்டு, டாரண்ட் கோப்பில் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் விடையோடு ஒப்பிட வேண்டும். ஜி2030 என்பது 2013இல் வெளிவந்த, 3 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள, இரண்டு கோர் (தனித்தனியே கணக்குப் போடும் உட்பகுதி) கொண்ட ப்ராசசர். வயதானதுதான் என்றாலும், அதன் ஒரே ஒரு கோர் இந்தக் கணக்கை நொடிக்குப் பல நூறு எம்பி என்ற வேகத்தில் போட்டுவிடும். தங்கள் இணைய இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொண்டாலும் நொடிக்கு உள்ளே வரக்கூடியது அதிகபட்சம் 12.5 எம்பி. ஆகவே சரிபார்ப்புக்காகச் செலவாவது ஒரு கோரின் சில விழுக்காடு மட்டுமே. இணைப்புகளை உருமறைப்பதற்கு டாரண்ட் உலகில் பயன்படும் ஆர்சி4 முறையும் கனமானதன்று. ஒழுங்காக எழுதப்பட்ட டாரண்ட் மென்பொருள் இத்தகைய கணினியில் 20 விழுக்காட்டைத் தாண்டினாலே நான் வேறு காரணத்தைத் தேடத் தொடங்கிவிடுவேன்.

தேடுவதற்கு வேறு கருவி எதுவும் வேண்டாம். டாஸ்க் மேனேஜரே போதும். ஆனால் அதன் முதல் பக்கத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் விழுக்காட்டை நம்பி முடிவுக்கு வராதீர்கள். 'டீட்டெய்ல்ஸ்' என்ற பக்கத்துக்குப் போய், நெடுவரிசைத் தலைப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி, 'செலக்ட் காலம்ஸ்' என்பதில் 'சிபியு டைம்' என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிரலும் தொடங்கியதிலிருந்து ப்ராசசரின் நேரத்தை மொத்தம் எவ்வளவு எடுத்துக்கொண்டது என்பதை அந்த வரிசை மணி, நிமிடம், நொடி என்று காட்டும். கணினியைப் புதிதாகத் தொடங்கி, வேறு எந்த வேலையும் செய்யாமல், டாரண்ட்டை மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிறகு அந்த வரிசையைப் பெரியது மேலே வரும்படி அடுக்கிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்' என்பது ப்ராசசர் சும்மா இருந்த நேரம், அதை விட்டுவிடலாம். இரண்டு கோர் இருப்பதால் ஒரு மணி நேரத்தில் செலவிடக்கூடிய மொத்த நேரம் இரண்டு மணி. ஏதாவது ஒரு நிரல் ஒரு மணி நேரத்தை எடுத்திருந்தால், அது ஒரு கோரை முழுவதும் தானே வைத்துக்கொண்டது என்று பொருள். முதல் பக்கத்தில் அது வெறும் 50 விழுக்காடு என்று தெரிந்திருக்கும்.

தங்கள் வகைப் பயன்பாட்டில் அந்த வரிசையின் உச்சியில் டாரண்ட் மென்பொருளைத் தவிர மூன்று பெயர்கள் இருக்கக்கூடும் என்று எதிர்பார்க்கிறேன்.

முதலாவது, விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் என்ற ஆன்ட்டி வைரஸ். வரிசையில் அது 'எம்எஸ்எம்பி' என்று தொடங்கும் பெயரில் தென்படும். டிஸ்க்கில் எழுதப்படும் எதையும் பார்வையிடுவது அதன் கடமை. சாதாரணப் பதிவிறக்கத்தில் ஒரு கோப்பு முதலிலிருந்து கடைசிவரை ஒழுங்காக எழுதப்பட்டு மூடப்படுகிறது. டாரண்ட்டிலோ ஒரே கோப்பின் வெவ்வேறு இடங்களில் துண்டுகள் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. கோப்பு திறந்து, எழுதி, மூடப்படும்போதெல்லாம் டிஃபெண்டருக்கும் வேலை எழுகிறது. இதற்காக ஆன்ட்டி வைரஸை நிறுத்திவிடுமாறு சிலர் அறிவுரை சொல்வார்கள். பலர் வந்து போகும் படிப்பகக் கணினியில் அதைச் செய்யாதீர்கள். முடியாத கோப்புகளுக்கென்று தனியாக ஒரு ஃபோல்டரை வைத்து, அதை மட்டும் டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் சேர்ப்பதே சரியான வழி. கியூபிட்டாரண்ட்டில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு: இறங்கிக்கொண்டிருப்பவை ஓர் ஃபோல்டரிலும், முடிந்தவை இன்னொன்றிலும் இருக்கும்படி அமைக்கலாம். முடிந்தவை இருக்கும் ஃபோல்டர் விலக்கில் சேரக் கூடாது. இரண்டு ஃபோல்டர்களும் ஒரே டிரைவில் இருக்கட்டும். வெவ்வேறு டிரைவில் இருந்தால் முடிந்த கோப்பு ஒவ்வொன்றும் முழுவதுமாக ஒருமுறை நகலெடுக்கப்பட்டு, அதுவே புதிய சுமையாகிவிடும்.

இரண்டாவது, விண்டோஸின் தேடல் அட்டவணை நிரல். கோப்பின் பெயரை மட்டுமல்லாமல் உள்ளே இருக்கும் எழுத்துகளையும் படித்து அட்டவணை போடுவது அதன் வழக்கம். தாங்கள் இறக்குவதோ நூல்கள். இன்டர்நெட் ஆர்க்கைவின் பிடிஎஃப்களில் பல, படத்துக்கு அடியில் எழுத்துணரி கொண்டு எடுத்த உரையையும் சுமந்து வருகின்றன. கூடவே தனி உரைக் கோப்பும் வரும். பல நூறு பக்க நூல் ஒவ்வொன்றாக இறங்க இறங்க, அவற்றைப் படித்து அட்டவணைப்படுத்தும் வேலை பின்னணியில் நடந்துகொண்டே இருக்கும். அந்த ஃபோல்டரின் பண்புகளில் 'அட்வான்ஸ்டு' என்பதைத் திறந்து, உள்ளடக்கத்தை அட்டவணையிடும் அனுமதியை எடுத்துவிட்டால் இது நின்றுவிடும்.

மூன்றாவது, ஒன்டிரைவ் போன்ற மேகச் சேமிப்பு நிரல். விண்டோஸ் 10இல் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஆகிய ஃபோல்டர்களை ஒன்டிரைவ் காப்பெடுக்கும்படி அமைந்திருப்பது சாதாரணம். அது நடப்பது பலருக்குத் தெரிவதும் இல்லை. தங்கள் டாரண்ட்டுகள் டெஸ்க்டாப்பில் உள்ள ஒரு ஃபோல்டரில் இறங்குகின்றனவா என்று பாருங்கள். அப்படியிருந்தால், பாதி இறங்கிய கோப்பில் மாற்றம் நேரும் ஒவ்வொரு முறையும் ஒன்டிரைவ் அதைக் கவனித்து, மேலே அனுப்ப முயன்றுகொண்டிருக்கும்; ப்ராசசர், ஹார்ட் டிஸ்க், இணைய இணைப்பு ஆகிய மூன்றுக்கும் இதனால் சுமை. டாரண்ட் ஃபோல்டரை டி டிரைவில் தனியே வைத்துக்கொள்வது இதற்குத் தீர்வு.

தட்டச்சு தாமதமாவதைப் பற்றித் தாங்கள் எழுதியிருப்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது ப்ராசசரின் குற்றமாக இல்லாமலும் இருக்கலாம். டாஸ்க் மேனேஜரின் முதல் பக்கத்தில் ப்ராசசருக்கு அடுத்தடுத்து மெமரி, டிஸ்க் என்ற வரிசைகளும் இருக்கின்றன. எழுத்து தாமதமாகும் நொடியில் டிஸ்க் 100 விழுக்காட்டைக் காட்டுகிறதா என்று பாருங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க், தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்கு 100 எம்பியை ஒட்டித் தரக்கூடியது. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய இடங்களைத் தேடிப் படிக்கச் சொன்னால் நொடிக்குச் சுமார் 100 தேடல்களோடு அதன் சக்தி முடிந்துவிடும். டாரண்ட்டில் ஒரு கணினி மற்றொன்றிடம் ஒரு முறை கேட்பது 16 கேபி அளவு. பல டாரண்ட்டுகளிலிருந்து பலர் ஒரே நேரத்தில் வெவ்வேறு இடங்களைக் கேட்டால், கணக்குப்படி நொடிக்கு 1.6 எம்பி அனுப்புவதற்குள் ஹார்ட் டிஸ்க் திணறத் தொடங்கும். மென்பொருள்கள் முன்கூட்டியே கொஞ்சம் கூடுதலாகப் படித்து ராமில் வைத்துக்கொண்டு இதைச் சமாளிக்கின்றன. தங்களிடம் ராமும் 4 ஜிபிதான். விண்டோஸ், பிரௌசர், வேர்டு ஆகியவை எடுத்தது போக மிஞ்சுவது சொற்பம் என்பதால், இடம் போதாத விண்டோஸும் தன் பங்குக்கு அதே ஹார்ட் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கிறது. தட்டச்சு செய்பவர் காத்திருப்பது பெரும்பாலும் இந்த வரிசையில்தான்.

இந்த நிலைக்கு மென்பொருள் மாற்றத்தைவிட நல்ல மருந்து ஒன்று உண்டு. சிறிய சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சேமிப்புக் கருவி) ஒன்றை வாங்கி அதில் இயங்குதளத்தை வைத்துவிட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கை டாரண்ட்டுக்கும் நூல்களுக்கும் மட்டும் ஒதுக்குங்கள். படிப்பகத்தின் பணத்தை எதில் செலவிடலாம் என்று கேட்டால், இந்தக் கணினியைப் பொறுத்தவரை நான் முதலில் சொல்வது இதைத்தான்; அடுத்து ராமை 8 ஜிபி ஆக்குவது. விசிறி இரைச்சலுக்கு வேறு காரணமும் இருக்கலாம்: இத்தனை ஆண்டு ஓடிய கணினியில் விசிறியைத் திறந்து தூசி தட்டி, வெப்பப் பசையை மாற்றவே இல்லை என்றால், குறைந்த சுமையிலும் அது இரையும்.

இனி மென்பொருள் தேர்வு. டாரண்ட் முறையை பிராம் கோஹன் 2001இல் உருவாக்கிய பிறகு வந்த மென்பொருள்களில், 2003இல் அசூரியஸ் என்ற பெயரில் தொடங்கி வூஸ் என்று பெயர் மாறியது ஒன்று. வசதிகள் ஏராளம், ஆனால் ஜாவாவில் எழுதப்பட்டதால் ராமைத் தாராளமாகக் கேட்கும். அதன் முன்னாள் ஆக்குநர்கள் 2017இல் தொடங்கிய பிக்லிபிடிக்கும் இது பொருந்தும். நல்ல மென்பொருள்தான் என்றாலும், 4 ஜிபி கணினிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். வெப்டாரண்ட் டெஸ்க்டாப், தனக்குள் ஒரு முழு குரோமியம் பிரௌசரையே வைத்துக்கொண்டு ஓடுவது. பார்க்க எளிமையாக இருப்பதைக் கொண்டு அதை இலேசானது என்று நினைத்துவிட வேண்டாம்.

அசூரியஸின் கனத்துக்கு மறுமொழியாக 2005இல் வந்ததுதான் யூடாரண்ட். லுட்விக் ஸ்ட்ரிகியஸ் என்ற ஸ்வீடன் நாட்டு நிரலாளர் எழுதிய அது, தொடக்கத்தில் 100 கேபிக்கும் குறைவான அளவில் கிடைத்தது. 'இலேசான டாரண்ட்' என்றதும் நம் ஊரில் இன்றும் அந்தப் பெயர் முதலில் வாயில் வருவதற்குக் காரணம் அந்தக் காலத்துப் புகழ். 2006 இறுதியில் அதை பிட்டாரண்ட் நிறுவனம் வாங்கியது. விளம்பரங்களும் இணைப்பு நிரல்களும் பின்னர் வந்து சேர்ந்தன. 2015 மார்ச்சில், நிறுவலின்போது எபிக் ஸ்கேல் என்ற, ப்ராசசரை உழைக்கவைத்து மெய்நிகர் நாணயம் தோண்டும் நிரலும் சேர்ந்து வருவதாகப் பயனர்கள் கண்டு முறையிட்டார்கள். ஒப்புதல் இல்லாமல் அது நிறுவப்படாது என்று விளக்கிய நிறுவனம், பிறகு அந்தச் சேர்க்கையைக் கைவிட்டது. ப்ராசசர் சுமையைப் பற்றிக் கவலைப்படும் ஒருவர் இந்த வரலாற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. விளம்பரம் காட்டும் மென்பொருளில் அந்த விளம்பரத்தைக் காட்டுவதற்கென்று உள்ளே ஒரு சிறு பிரௌசர் ஓடிக்கொண்டிருப்பதும் உண்டு. கோப்புப் பகிர்வுக்குத் தொடர்பே இல்லாத சுமை அது. தாங்கள் இப்போது வைத்திருக்கும் மென்பொருளை நீக்கச் சொல்வதற்கு எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

அப்படியானால் விளம்பரமும் இணைப்பு நிரலும் குறைவாக இருந்த 2011ஆம் ஆண்டு 2.2.1 பதிப்பைப் போட்டால் என்ன என்ற தங்கள் நண்பரின் வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அது இலேசானதுதான். ஆனால் டாரண்ட் மென்பொருள், முகம் தெரியாத நூற்றுக்கணக்கான கணினிகள் அனுப்புவதை வாங்கிப் படிக்கும் நிரல். அதில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும், 2.2.1க்கு அதைச் செய்வார் யாரும் இல்லை. 2018 தொடக்கத்தில் கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர் டேவிஸ் ஓர்மண்டி, டிரான்ஸ்மிஷன், யூடாரண்ட் ஆகிய இரண்டிலுமே, ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தாலே அந்தப் பக்கம் டாரண்ட் மென்பொருளுக்குக் கட்டளையிட முடிகிற குறைகளைக் காட்டினார். இரண்டிலும் திருத்தம் வந்தது, புதுப்பித்துக்கொண்டவர்கள் தப்பினார்கள். இதில் எந்த மென்பொருள் சிறந்தது என்பதைவிட, தொடர்ந்து பராமரிக்கப்படும் பதிப்பைப் பயன்படுத்துகிறோமா என்பதே முக்கியம்.

கியூபிட்டாரண்ட் 2006இல் தொடங்கிய திறமூல (மூல நிரல் எவருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள், விளம்பரம் கிடையாது. டாரண்ட் வேலையைச் செய்யும் அதன் உள் எந்திரம் லிப்டாரண்ட் என்ற நூலகம். டெலூஜ் என்ற மென்பொருளுக்கும் அதே எந்திரம்தான் என்பதால், அவ்விரண்டுக்கும் ப்ராசசர் சுமையில் பெரிய வேறுபாட்டை எதிர்பார்க்க வேண்டாம். தரவிறக்கும் பக்கத்தில் லிப்டாரண்ட் 1.2, லிப்டாரண்ட் 2.0 என்று இரு வகைகளைக் கண்டால், தாங்கள் 1.2 வகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2.0 வகை, கோப்புகளை நினைவகத்தில் நேரடியாகப் பொருத்திப் படிக்கும் முறையைக் கையாள்வதால், 4 ஜிபி கணினியில் ராம் நிரம்பி வழிவதாகத் தோன்றுவதும், ஹார்ட் டிஸ்க் திணறுவதும் நேரக்கூடும். 2.0இன் சிறப்பு, எஸ்எச்ஏ-256 முறையைக் கையாளும் இரண்டாம் பதிப்பு டாரண்ட்டுகளைத் திறப்பது. தாங்கள் இறக்கும் நூல்களுக்கு அது தேவையில்லை.

டிரான்ஸ்மிஷன் இன்னும் எளிமையானது. 2023இல் வந்த 4.0 பதிப்பில் நினைவகத்தையும் ப்ராசசர் நேரத்தையும் குறைப்பதையே அதன் ஆக்குநர்கள் முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டார்கள். சாளரமே இல்லாமல் பின்னணியில் மட்டும் ஓடவிட்டு, பிரௌசர் வழியாகக் கட்டுப்படுத்தவும் அதில் முடியும். பிறகு ஏன் தங்களுக்கு அதை முதலில் சொல்லவில்லை என்றால், விண்டோஸில் 60 டாரண்ட்டுகளை வரிசைப்படுத்தி, வகை பிரித்து, நேரத்துக்கு ஏற்ப அடக்கி ஆள்வதற்கு கியூபிட்டாரண்ட்டின் அமைப்புகள் வசதியானவை. ப்ராசசரில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அந்த வசதியை விட்டுக்கொடுக்கும் அளவுக்குப் பெரிதன்று. எதைத் தேர்ந்தாலும் அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இறக்குங்கள். நிறுவுவதற்கு முன் அங்கே தரப்பட்டுள்ள சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷனின் சொந்தத் தளத்திலேயே புகுந்த யாரோ, மேக் கணினிக்கான 2.90 பதிப்பில் கெரேஞ்சர் என்ற, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தீநிரலைச் சேர்த்து வைத்த நிகழ்வு உண்டு. அதிகாரபூர்வத் தளத்துக்கே இந்த நிலை என்றால், தேடுபொறி காட்டும் ஏதோ ஒரு 'இலவசப் பதிவிறக்க' தளத்தை எப்படி நம்புவது?

நிறுவிய பிறகு சில அமைப்புகளை மாற்ற வேண்டும். மென்பொருளை மாற்றியதால் கிடைப்பதைவிட அதிகப் பயன் இவற்றில் கிடைக்கலாம். கியூபிட்டாரண்ட் இயல்பாக மொத்தம் 500 இணைப்புகளையும், ஒரு டாரண்ட்டுக்கு 100 இணைப்புகளையும் அனுமதிக்கிறது. தங்கள் கணினிக்கு மொத்தம் 120, ஒன்றுக்கு 30 என்று வைத்தால் போதும். டிரான்ஸ்மிஷனின் இயல்பு அளவே 200, 50 என்பதைக் கவனியுங்கள். இணைப்பு குறைந்தால் வேகம் குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். பத்துப் பதினைந்து நல்ல இணைப்புகளே தங்கள் இணையத்தின் முழு வேகத்தையும் நிரப்பிவிடும். மற்றவை பெரும்பாலும் ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டு ப்ராசசரின் நேரத்தையும், இணைய நிறுவனம் வைத்துப்போன ரௌட்டரின் பொறுமையையும் தின்பவை.

வரிசை முறையை இயக்குங்கள். ஒரே நேரத்தில் இறங்குபவை 2, பகிரப்படுபவை 3, மொத்தம் 5 என்ற அளவில் வைத்தால், 60 டாரண்ட்டுகளும் பட்டியலில் இருந்தாலும் உயிரோடு இருப்பவை ஐந்து மட்டும். ஹார்ட் டிஸ்க்கின் தேடல் சுமையைக் குறைப்பதில் இதற்கு இணையான அமைப்பு வேறு இல்லை. இடத்தை முன்கூட்டியே ஒதுக்கும் தெரிவையும் இயக்கிவிட்டால், கோப்புகள் சிதறலாக எழுதப்படுவது குறையும். திரையைப் புதுப்பிக்கும் இடைவெளி இயல்பாக 1500 மில்லி நொடி. அதை 5000 ஆக்கலாம். இணைந்திருக்கும் கணினிகளின் நாட்டுக் கொடிகளையும் பெயர்களையும் கண்டறியும் தெரிவுகளை நிறுத்தி, சாளரத்தை மூடி மூலையில் வைத்துவிடுங்கள். யாரும் பார்க்காத பட்டியலைத் திரும்பத் திரும்ப வரைவதும் வீண் வேலைதானே.

அடுத்ததைக் கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டும். டாரண்ட் மென்பொருள்கள் இணையத்தில் தகவல் அனுப்பும் வழக்கமான முறையான டிசிபி இணைப்போடு, மியூடிபி என்ற தமக்கே உரிய முறையையும் கையாள்கின்றன. டிசிபியில் தகவல் பொட்டலங்களை அடுக்கும் வேலையை இயங்குதளமும் வலையட்டையும் பகிர்ந்துகொள்கின்றன. மியூடிபியில் அதையும் மென்பொருளே செய்ய வேண்டியிருப்பதால், ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ப்ராசசர் கூடுதலாக உழைக்கிறது. ஆகவே டிசிபியை மட்டும் வைத்துக்கொண்டால் சுமை குறையும். ஆனால் மியூடிபி காரணமில்லாமல் வந்ததன்று: இணைப்பில் மற்றவர்கள் இருப்பதை உணர்ந்து, தாமதம் கூடத் தொடங்கியதும் தானே ஒதுங்கிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. அதை நிறுத்துபவர், பதிவேற்ற வேகத்துக்குத் தாமே ஒரு வரம்பு விதிக்க வேண்டும். இல்லையென்றால் படிப்பகத்தில் உள்ள மற்ற கணினிகளில் வலைப்பக்கம் திறக்காது. முதலில் மற்ற மாற்றங்களைச் செய்து, சிபியு டைமைப் பாருங்கள். அதற்குப் பிறகும் சுமை இருந்தால் மட்டும் இதைத் தொடுங்கள்.

வேக வரம்புக்கு நேர அட்டவணையும் உண்டு. படிப்பகம் திறந்திருக்கும் நேரத்தில் பதிவிறக்கம், பதிவேற்றம் இரண்டையும் நொடிக்குச் சில நூறு கேபி என்று அடக்கி வைத்து, இரவில் தளர்த்திவிடலாம். தட்டச்சு செய்பவரின் குறை பெரும்பாலும் இந்த ஒரு அமைப்பிலேயே தீர்ந்துவிடும்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் நூல்களைப் பற்றி ஒரு சொல். 2012இலிருந்து அந்தத் தளம் தன் கோப்புகளை டாரண்ட்டாகவும் தருகிறது. ஒரு நூலின் டாரண்ட்டில் பிடிஎஃப் மட்டும் இருப்பதில்லை. வருடிய மூலப் படங்கள் அடங்கிய ஜேபி2 தொகுப்பு, உரைக் கோப்பு, விவரக் கோப்புகள் என எல்லாமே இருக்கும். இவற்றில் மிகப் பெரியது அநேகமாக அந்தப் படத் தொகுப்புதான். வாசகருக்குப் பிடிஎஃப் போதும் என்றால், டாரண்ட்டைச் சேர்க்கும்போதே மற்றவற்றின் தெரிவை எடுத்துவிடுங்கள்; இறக்குவது, சரிபார்ப்பது, வைரஸ் சோதிப்பது, சேமிப்பது என எல்லாச் சுமையும் ஒருசேரக் குறையும். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். அந்த டாரண்ட்டுகளில் ஆர்க்கைவின் சொந்த வழங்கிகளே எப்போதும் மூலமாக நிற்கின்றன. ஆகவே தாங்கள் எல்லா நூல்களையும் நாள் முழுவதும் பகிர்ந்துகொண்டிருக்காவிட்டாலும் அவை யாருக்கும் கிடைக்காமல் போய்விடாது. பகிர வேண்டும் என்ற நல்லெண்ணத்தை இரவு நேரத்துக்கும், அதிகம் கேட்கப்படும் லினக்ஸ் கோப்புகளுக்கும் ஒதுக்கலாம். ஒரே ஒரு நூல்தான் வேண்டும் என்றால் டாரண்ட்டே தேவையில்லை. பிரௌசரில் நேராக இறக்குவது எல்லாவற்றையும்விட இலேசானது. படிப்பகத்துக்குள்ளேயே மற்ற கணினிகளுக்குக் கொடுப்பதற்கும் விண்டோஸின் பகிர்வு ஃபோல்டர் போதும்.

லினக்ஸைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஜி2030 விண்டோஸ் 11க்கு ஏற்கப்பட்ட ப்ராசசர்களின் பட்டியலில் இல்லை. மாணவர்களுக்காகத் தாங்கள் இறக்கி வைத்திருக்கும் கோப்புகளிலேயே லுபுண்டு அல்லது எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான திரை அமைப்போடு வரும் லினக்ஸ் மின்ட் இருந்தால், அதை இந்தக் கணினியில் ஒரு பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். ஐபஸ் என்ற தட்டச்சு உள்ளீட்டு நிரல் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை அங்கும் கிடைக்கும். டிரான்ஸ்மிஷன் அதன் மென்பொருள் களஞ்சியத்திலேயே இருக்கிறது. வேர்டு கோப்புகளில் பழைய எழுத்துரு வகைகளைப் பயன்படுத்துபவர் இருந்தால் மட்டும், அவருடைய வேலை அங்கே நடக்கிறதா என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

கடைசியாக, மாறும் முறை. பழைய மென்பொருளில் எல்லா டாரண்ட்டுகளையும் நிறுத்திவிட்டு, அதை மூடுங்கள். கோப்புகளை நீக்க வேண்டாம், மென்பொருளையும் உடனே எடுத்துவிட வேண்டாம். கியூபிட்டாரண்ட்டில் அதே டாரண்ட் கோப்பைச் சேர்த்து, ஏற்கெனவே இறங்கியவை இருக்கும் அதே ஃபோல்டரைக் காட்டினால், அது மீண்டும் இறக்காமல், இருப்பதைப் படித்துச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும். இந்தச் சரிபார்ப்பு ஹார்ட் டிஸ்க்கை முழு மூச்சில் படிக்கும் வேலை. தங்களிடம் 200 ஜிபி இருப்பதாகக் கொண்டால், நொடிக்கு 100 எம்பி என்ற நல்ல வேகத்திலேயே அரை மணிக்கு மேல் ஆகும். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும். அந்த நேரத்தில் ப்ராசசரும் டிஸ்க்கும் உச்சத்தில் நிற்பதைப் பார்த்து, புதிய மென்பொருளும் கனமானதுதான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். படிப்பகம் பூட்டிய பிறகு பத்துப் பத்தாகச் சேருங்கள். அறுபதும் சேர்ந்து, எல்லாம் 100 விழுக்காடு என்று காட்டிய பிறகு, பழைய மென்பொருளை நீக்கிவிட்டு, முன்பு செய்தது போலவே ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சிபியு டைமைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்போதும் டாரண்ட்டைத் தவிர வேறு ஏதேனும் ஒரு பெயர் உச்சியில் நின்றால், அந்தப் பெயரையும் அது எடுத்த நேரத்தையும் எனக்கு எழுதுங்கள்.